ஈரத்துண்டு

மேடையின் இடது ஓரம்,
விளக்கு எட்டாத இரண்டடி நிலம் என்னுடையது.
கையில் நனைத்த துண்டு.
பகலில் இதே ஓட்டலின் சலவைக்கூடத்தில்
நான்தான் இதைத் துவைத்து மடித்தேன்.
இரவில் நானே தீயணைப்புத் துறை.

ஒர்லாண்டோவில் கடல் கிடையாது.
ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் அலை வந்துவிடும்.
காகிதக் குடை செருகிய கோப்பைகளோடு
இருநூறு பேர் வந்து அமர்வார்கள்.

முதலில் டஹிட்டி.
தெயூரா ஆடினால் இடுப்பு தனி, ஆள் தனி.
ஃபாஆவில், விமானம் உரசிப் போகும் தெருவில் பிறந்தவள்.
பகலெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசியில்
பிரெஞ்சில் திட்டும் கனடாக்காரர்களிடம்
பிரெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்கிறாள்.
மேடை ஏறியதும் அவள் முழங்கால்கள்
ஒருவரையும் மன்னிப்பதில்லை.

அடுத்து ஹாக்கா.
நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டும் மூவரில்
ஒருவன்கூட மவோரி இல்லை.
சியோசியுவா டோங்காக்காரன், ஏசி பழுதுபார்ப்பவன்.
கூரைக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து
உடம்பெல்லாம் கண்ணாடி நார் குத்திய தினவு.
மார்பில் அவன் அறைவது
பாதி வீரம், பாதி சொறிதல்.

ப்வெரே கிரிபாட்டியிலிருந்து வந்தவன்.
அவன் நாட்டுக்கு இந்த நிகழ்ச்சியில் இடமில்லை.
தினமும் ஒன்பது நிமிடம் ஃபிஜிக்காரன் ஆகிறான்.
"உன் தீவு எப்படி இருக்கும்?" என்று
மேலாளர் ஒருநாள் கேட்டார்.
உள்ளங்கையை விரித்து
நடு ரேகையைக் காட்டப் போனான்:
இவ்வளவுதான் அகலம், இரண்டு பக்கமும் தண்ணீர் என்று.
மேலாளர் அந்தக் கையைக் குலுக்கிவிட்டுப்
போய்விட்டார்.

கடைசியில் தீ.
இரு முனையும் எரியும் கத்தியைச் சுழற்றியபடி
இயாகோபோ வருவான்.
பதினோரு வருடம் என் கணவன்.
மூன்று வருடமாக இல்லை.
வக்கீல் முன்னால் எல்லாம் பிரித்தோம்.
கார் அவனுக்கு, கடன் எனக்கு,
பிள்ளைகள் வாரம் விட்டு வாரம்.
துண்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

நேற்று கத்தி நழுவியது.
இடுப்பில் சுற்றிய லாவாலாவாவில் தீ ஏறியது.
அதுவும் ஆட்டம் என்று நினைத்துக்
கூட்டம் கைதட்டியது.

நான் ஒரு மூச்சு நின்றேன்.

ஒரே மூச்சுதான்.
அதற்குள் ஆப்பியாவில் மழையில் பழுதாகி நின்ற பேருந்து,
அதில் அவன் கொடுத்த பாதி ரொட்டி,
பிறகு காலணிக்குள் ஒளித்துவைத்த இரண்டாவது போன்,
மகனுக்குக் காய்ச்சல் கொதித்த இரவில்
இவன் கத்தியைத் துடைத்துப் பளபளப்பாக்கியது,
எல்லாம் வரிசை தவறி வந்து போயின.

பாய்ந்தேன்.
அணைத்தேன்.
தீயை என்றுதான் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பின்கட்டில் தெயூரா ஐஸ் கொண்டுவந்தாள்.
தொடையில் ஒரு கை அகலம் சிவந்திருந்தது.
"தாமதம்" என்றான், எங்கள் மொழியில்.
"தெரியும்" என்றேன்.
அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
வெளியே சியோசியுவா
மிஞ்சிய பன்றிக்கறியை ஈயத்தாளில் பொட்டலம் கட்டி
எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று
தனித்தனியாக வைத்தான்.

அப்போது மேலாளர் ஓடிவந்தார், முகமெல்லாம் பல்.
"அந்த எரிகிற இடம் பிரமாதம்.
தினமும் செய்யலாமா?"

இயாகோபோ என்னைப் பார்த்தான்.
துண்டைப் பிழிந்தேன்,
கரித்தண்ணீர் அவர் வெள்ளைக் காலணிமேல் சொட்ட.
"செய்யலாம்" என்றேன்.
"தாமதத்துக்குத் தனிச் சம்பளம்."

ப்வெரேதான் முதலில் சிரித்தான்.