கண்ணில் இரும்பு

கீழ்ப்பாக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு அடியில்
பூமிக்குள் இறங்கும் பதினான்கு படிகள்.
முதுகு ஸ்கேனுக்கு வருகிறவனுக்கு
படி வைத்த புண்ணியவான் யாரோ.

எனக்கு முன்னால் ஒரு அம்மா
தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.
"தங்கத்தை அது இழுக்காதும்மா.
அதுல கோத்திருக்கீங்களே ஊக்கு,
அதுதான் பறக்கும்" என்கிறாள் ஜெசிந்தா.
ஏழு ஊக்குகள் தட்டில் விழுந்தன.
எட்டாவதாகக் கொடி.
மகள் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டாள்.

என் முறை.
பேஸ்மேக்கர்? இல்லை.
காதுக்குள்ள கருவி? இல்லை.
ஆபரேஷன்ல வெச்ச கிளிப்பு, திருகு? இல்லை.
அடைச்ச இடம்னா பயமா?
காலை எட்டரைக்குப் பாடி மேம்பாலத்தில்
பஸ் படியில் தொங்கியவனிடம் கேட்கிறாய்.
அவள் சிரிக்கவில்லை.
"கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள்?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் லேத்.
விழாத நாளைக் கேட்டால் சொல்லலாம்.
விழும். தண்ணீர் அடிப்போம்.
பக்கத்து மெஷின் மஸ்தான்
லுங்கி முனையைத் திரித்து எடுத்துவிடுவான்.
அவனுக்கு நான்.
ஒரே ஒருமுறை எழும்பூர் கண்ணாஸ்பத்திரி.
டாக்டர் எடுத்துக் காட்டினார்,
எறும்பின் கால் அளவு.
எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்கவில்லை.
செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது.
மகன் மேலே பணம் கட்டி
ரசீதை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.
உண்டு, என்றேன்.

பேனா நின்றது. "அப்ப முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே."
"அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையேம்மா."
"அதை நிறுத்தவே மாட்டோம் சார்.
ராத்திரி, ஞாயித்துக்கிழமை, கரண்ட் போனாக்கூட
முழிச்சிட்டுத்தான் இருக்கும்.
உள்ள துளி இருந்தா அது அசைக்கும்.
அசைஞ்சா பார்வை போயிடும்."

படத்தில் என் மண்டை.
இரண்டு குழியிலும் இருட்டு.
சுத்தமான இருட்டு என்றார் டாக்டர்.

பிறகுதான் பெல்ட், வாட்ச், அரைஞாண்,
சட்டைப்பையில் மறந்துபோன ஐந்து ரூபாய்.
காதில் பஞ்சு, அதன்மேல் மூடி.
கையில் ஒரு ரப்பர் பந்து:
முடியலைன்னா அமுக்குங்க, வெளியே எடுத்துடுவோம்.

டக் டக் டக் டக்.
இது பவர் ஹேக்ஸா.
ங்ங்ங்ங் என்பது ட்ரில், முனை மழுங்கியது.
யாராவது அதற்கு எண்ணெய் விடக் கூடாதா.
எல்லாம் தெரிந்த சத்தம்தான்,
இந்தமுறை சக்கில் மாட்டிய ஜாப் நான்.
ஜாப் ஆடினால் அளவு தப்பும்.
மூக்கு அரித்தது. விட்டுவிட்டேன்.
இருபத்தைந்து நிமிஷம்
பந்தைப் பிடித்திருந்தேன், அமுக்கவில்லை.
அமுக்கியிருந்தாலும் தப்பில்லை என்று
பிறகு சொன்னாள்.

சாயங்காலம் மஸ்தானுக்குப் போன் போட்டேன்.
அவனுக்கு அடுத்த வாரம் தலைக்கு எடுக்கிறார்கள்.
"கேப்பாங்க. மறைக்காதே.
லுங்கியால எடுத்ததையும் சேத்துச் சொல்லு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"உன் கண்ணுல நான் எடுத்தது
பாதி உள்ளயே இருக்கும்னுதான்
இத்தனை நாளா நெனச்சேன்" என்றான்.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவன் கண்ணைப் பற்றி
நானும் அப்படித்தான்.