ஏழு லிட்டர்

லூப்ளினில் ஜனவரி. வெளியே மைனஸ் பதினொன்று.
குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று,
பால் பால்கனியில் இருக்கிறது.
சுவர்க்கடிகாரத்தின் பேட்டரி என் சட்டைப்பையில்.
அடுத்த அறையில் லுத்மீலா,
இரவுப்பணி முடித்து வந்தவள்,
ஒரு காலுறையைக் கழற்றி
மற்றதை மறந்து தூங்கிவிட்டாள்.
தெருவில் ட்ராலிபஸ் கடந்துபோகக் காத்திருந்து
ஒலிமானியைப் பார்க்கிறேன்: இருபத்தெட்டு டெசிபல்.
இந்தச் சமையலறையின் மௌனம்
இதற்குக் கீழே இறங்காது.

மேசைமேல் கார்டு, ஒற்றை விசிறியோடு.
நீளம் பதினேழு சென்டிமீட்டர் என்கிறது அட்டை.
பதினேழு புள்ளி நான்கு என்கிறது என் அடிக்கோல்.
நாலு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள்
பெரிய பெட்டிக்காரர்கள்,
கணினிக்கென்று தனி மேசை போட இடமுள்ளவர்கள்.

என் பெட்டி ஏழு லிட்டர்.
ஞாயிற்றுக்கிழமை சூப் வைக்கும் பானையும் ஏழு லிட்டர்தான்.
அதற்குள் மதர்போர்டு, பவர் சப்ளை,
சிக்கெடுக்காத தலைபோல வயர்கள்.
எள் போட்டால் எள் விழாத இடத்தில்
காற்று மட்டும்
உள்ளே வந்து, சூடாகி, வெளியேறவும் வேண்டும்.

மூடி மூடவில்லை.
பவர் கேபிளின் கழுத்து இடிக்கிறது.
அரத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன்,
வீட்டில் ராவினால் விழித்துக்கொள்வாள்.
கீழ்வீட்டு யாசெக் தன் நாயோடு நின்று
கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனார்.
மதிப்பீட்டில் எழுதினேன்:
"பொருந்துகிறது, அரம் இருந்தால்."

பிறகு ஓட்டினேன்.
ஒரு குதிரைக்காரன் மழைபெய்யும் காட்டுக்குள் நுழைகிறான்.
நொடிக்கு எழுபத்தொரு படம்.
ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நனைகிறது.
வெப்பம் அறுபது, எழுபது,
எண்பத்துமூன்றில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள
குதிரை சேற்றில் கால் வைத்ததுபோல் தயங்குகிறது.
கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதாம்.
பன்னிரண்டாவது நிமிடத்தில் குறைந்தது,
குறித்து வைத்திருக்கிறேன்.

விசிறி நாற்பத்தொன்று.
அதற்கும் மேலே கொசுபோல ஒரு சன்னமான கீச்சு.
ஒலிமானிக்கு அது கேட்கவில்லை,
எனக்குக் கடைவாய்ப்பல்லில் கேட்கிறது.
மின்சாரத்தை ஐந்தில் ஒரு பங்கு வெட்டினேன்.
நான்கு படம் போயிற்று, போகட்டும்.
எழுபத்திரண்டு டிகிரி.
விசிறி கேட்கிறதா என்று ஒலிமானியைப்
படுக்கையறை வாசலில் வைத்தால்
முப்பத்தாறு, முப்பதெட்டு, மறுபடி முப்பத்தாறு.
விசிறி அப்படி மூச்சிழுக்காது.
லுத்மீலாவின் குறட்டை.

மூன்று மணிக்கு டோபியாஷ் செய்தி அனுப்பினான்:
"பத்துக்கு எத்தனை?"
எட்டு என்று அடித்தேன், அனுப்பவில்லை.

குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பச் செருகியதும்
அது செருமிய செருமலில் அவள் எழுந்து வந்தாள்,
ஒற்றைக் காலுறையோடு.
"இதுவா அது?" என்றாள்.
"என்ன விலை?"
சொன்னேன்.
உதடு அசையக் கணக்குப் போட்டாள்.
"ஒன்பது ராத்திரி," என்றாள்,
கோபமில்லை, வெப்பமானியில் காய்ச்சல் வாசிக்கும் குரல்.
நொடிக்கு இத்தனை படம், ஒரு படத்துக்கு இத்தனை காசு என்று
நான் போட்டிருந்த அட்டவணையில்
அந்த அலகு இல்லை.
எட்டை அழித்தேன்.

காப்பிக்குப் பால் தேடினாள்.
பால்கனியிலிருந்து எடுத்து வந்தால் செங்கல்.
மேசையில் தட்டிப் பார்த்தாள், சத்தம் வந்தது.
பெட்டியின் மேல்துளையில் கையை நீட்டிச் சூடு பார்த்தாள்,
பால் அட்டையை அங்கேயே வைத்தாள்.
"வெட்டினதைத் திருப்பிக் கொடு," என்றாள்.
"முழுசா ஓட்டு."

குதிரைக்காரன் மறுபடி மழைக்குள் போகிறான்.
எழுபத்தொன்பது. எண்பத்துமூன்று. காற்றோட்டத் துளையில் பால்.
எண்பத்தாறு.
அட்டையின் மூலையில் முதல் சொட்டு வியர்க்கிறது.
இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று
டோபியாஷைக் கேட்க வேண்டும்.