பதினைந்து துளைகள்

பாலையூற்றில், என் அறையில், பதினொரு பெட்டிகள்.
எல்லாம் பழைய ரீவி கேம்.
ஒன்று மட்டிக்கழியில், பழைய இரும்புக்காரனிடம்,
கோழித்தீவன விலைக்கு.
ஒன்று சீனக்குடாவில், கலியாணப் பந்தல் சாமான்களுக்குள்.
ஒன்றுக்குள் கரப்பான் முட்டை.
ஒன்றுக்குள், காசெட் ஆடாமலிருக்க நான்காய் மடித்துச் செருகிய
புலமைப்பரிசில் பரீட்சை அனுமதி அட்டை.

இந்த ஊரில் எதைக் கழற்றினாலும் முதலில் உப்பு.
செப்புக் கோடுகளில் பச்சை பூத்திருக்கும்.
பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரிற், பிறகு வெயில்.
வேலைசெய்யாத காசெட்டை வாயில் வைத்து ஊதுவோமே,
அந்த ஈரமூச்சுத்தான் ஊசிகளைத் தின்றது என்று சொன்னால்
ஒருவரும் நம்புவதில்லை.
நானும் இன்னும் ஊதுகிறேன்.

மேலட்டையில் தொண்ணூற்றொன்பது லட்சம் விளையாட்டு.
உள்ளே ஏழு.

கொன்றோலரைப் பார்த்தால் வீடு தெரியும்.
வலது அம்பு வழுவழுத்துப் போயிருந்தால் அவசரக்காரர் வீடு.
இரண்டாவது கொன்றோலர் புதுசாகவே இருந்தால்
தனிப்பிள்ளை.

ஆனால் பதினொன்றிலும் ஒன்று மட்டும் ஒரே மாதிரி:
முன்பக்கத்துச் சின்ன மூடி.
நகத்தால் நெம்பித்தான் தள்ளவேண்டும்.
உள்ளே பதினைந்து துளைகள்,
கடையைவிட்டு வந்த நாளின் மினுக்கத்தோடு.
துவக்குச் சொருகும் இடம்.

வாங்கும்போது துவக்கும் இருந்தது.
அட்டைப்படத்தில் இன்னும் இருக்கிறது,
மஞ்சள் முடிப் பையன் ஒருவன் ஒற்றைக் கண்ணை மூடி.
ஏகாம்பரம் வீதி சுகிர்தமலர் ரீச்சரைக் கேட்டேன்.
"கொண்டுவந்த அன்றைக்கே அடுப்புக்குள்ள வைச்சிட்டன்.
பிளாஸ்ரிக் மணம் மூண்டு நாள் போகேல்ல."
திருக்கடலூர் பிறேமகாந்தன் கடலில் போட்டாராம்.
மூதூர் நஜிமுதீன் ஹாஜியார் கடையிலேயே திருப்பிக் கொடுத்து
விலையில் இருபத்தைந்து ரூபாய் குறைத்தாராம்.

போன ஆவணியில் உப்புவெளியில் ஒரு கிணறு இறைத்தார்கள்.
சேற்றோடு வாளியில் வந்தது.
எல்லோரும் கயிற்றை விட்டுத் தள்ளி நின்றார்கள்.
ஒருவர் பொலிஸ் என்றார். ஒருவர் மூடு என்றார்.
கூலிக்கு வந்த கிதுஷன்,
யுத்தம் முடியும்போது தவழ்ந்தவன்,
எட்டிப் பார்த்து,
"இதில வயர் இருக்கு" என்றான்.
பிறகுதான் எனக்குப் போன்.

கழற்றினேன்.
குழாய்க்குள் ஒரு வில்லை. அதன் பின்னால்
மிளகளவு ஒரு கண்.
இது எதையும் எறிவதில்லை. பார்க்கிறது.
விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் இருளும்,
வாத்து நின்ற இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும்.
கண்ணுக்கு வெள்ளை தெரிந்தால் வாத்து விழும்.
அவ்வளவுதான்.
இதைத்தான் எரித்தார்கள், தாழ்த்தார்கள்.
சரியாகத்தான் செய்தார்கள்.
செக்பொயின்றில் நிற்பவனுக்கு
வில்லையைக் கழற்றிக் காட்ட யாருக்கு நேரம் இருந்தது?

புதுக் கண் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது.
தட்டை ரீவியில் இதற்குப் பார்வையில்லை.
நிலாவெளி லொட்ஜ் ஒன்று எறிந்த, முதுகு புடைத்த ரீவியை
ஓட்டோவில் மடியில் ஏந்தி வந்தோம்,
நானும் கிதுஷனும், வழியெல்லாம் கால் விறைக்க.

முதல்முறையாக ஒரு மூடி முழுதாகத் திறந்தது.
துளைகள் இறுக்கமாக இருந்தன.
கிதுஷன் பத்துக்கு எட்டு.
நான் பத்துக்கு ஒன்றுமில்லை.
"கையை நல்லா நீட்டுங்கோ அண்ணை,
ஏன் மடிக்குள்ள ஒளிச்சுப் பிடிக்கிறியள்?"

ரீவியின் சத்தம் கூடத்தான்.
மூன்றாம் சுற்றில் எதிர்வீட்டு லைற் அணைந்தது.
பிறகு அதற்குப் பக்கத்து வீடு.
கரண்ட் போயிட்டுதோ என்று கிதுஷன் யன்னலைப் பார்த்தான்.
எங்கள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.
"உன்ர முறை" என்றேன்.