உள்ளூர்

மொய் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
உசிலம்பட்டி, பேரையூர் ரோட்டு மண்டபம்.
ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், கள்ள நோட்டுப் பார்க்க ஒரு மிஷின்,
மைக்கில் வாசிக்க என் மச்சான் சுருளி.

ஒச்சப்பன் வீட்டுக் காதுகுத்து.
பேத்திக்கு. மகள் வயிற்றுப் பேத்திக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால்
அந்த மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்ததும் என் கடைதான்.
எட்டுக்கு ஆறு. தோற்றம், மறைவு.
மறைவுக்கு நேரே
திருமங்கலம் பதிவு ஆபீசில் அவள் கையெழுத்துப் போட்ட தேதி.
அட்வான்ஸ் வாங்கவில்லை.
சாவுக்குக் கேட்கிற பழக்கமில்லை எனக்கு.

போன வாரம் வந்தார். அந்தப் படம் கிடக்கா என்றார்.
'கௌசிகா கடைசி' என்று பேர் வைத்த ஃபைல்.
அழிக்கவில்லை.
கறுப்பு பார்டரை எடுத்தேன், ரோஸ் போட்டேன்,
மாலையைக் கழற்றினேன்,
மடியில் குழந்தையை ஒட்டினேன்.
இரண்டே நிமிஷம்.

ஏன் இந்த விசேஷம் என்று ஊருக்குத் தெரியும்.
இருபத்தாறு வருஷம் ஓடி ஓடிச் செய்த மொய்,
பதினோரு லட்சத்துச் சொச்சம் வெளியே நிற்கிறது.
மகனுக்கோ, ஓடிப்போனவள் தம்பி என்று
மூன்று இடம் தட்டிப்போச்சு.
"பாசம் பாதி, பாக்கி பாதி" என்றான் சுருளி, மைக்கைப் பொத்திக்கொண்டு.
எது எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தம்பிதான் தாய்மாமன்.
அன்றைக்கு ஆண்டிபட்டிக் கணவாய் வரை
பைக்கில் துரத்திப் போனவன்,
மடியில் குழந்தை வீறிட,
"பைய, ஆசாரி, பைய" என்று கெஞ்சுகிறான்.

மாப்பிள்ளை பந்தியில் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டிருந்தான்.
தூக்கு என்று யாரும் சொல்லவில்லை.
வேண்டாம் என்றும்.

மணி ஒன்றரை. கூட்டம் வடிந்துவிட்டது.
கடைசியாய் ஒருவர்,
மடிப்புக் கோடு கலையாத புதுச்சட்டை,
ஐந்நூற்று ஒன்று.

பேர்?
பொன்னிருளு.
ஊர்?
"இதே ஊருதான் தம்பி."

உள்ளூர் என்றால் தெரு அடிக்க வேண்டும்,
இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த கட்டத்துக்குப் போகாது.
தெரு கேட்டால் எல்லாம் கேட்ட மாதிரி.
அதற்குக் கீழே உறவு:
பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி, நண்பர், இதர.
சுருளி மைக்கை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்திவிட்டான்.
ஸ்பீக்கரில் அவன் மூச்சு மட்டும் மண்டபம் பூராவும்.

எழுதாத பணத்தை மறந்துவிடலாம்.
எழுதிவிட்டால் கடன்.
நாளைக்கு அவர் வீட்டில் ஒன்று என்றால்
வாய்க்காலைத் தாண்டி, அந்தத் தெருவுக்குள் நடந்து,
அவர்கள் போட்ட இலையில் கைநனைத்து,
ஒரு ரூபாயாவது கூட்டி வைத்துவிட்டு வரணும்.

ஒச்சப்பன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.
ஸ்கிரீனைப் பார்த்தார். அந்த மனுஷரைப் பார்க்கவில்லை.
"மைக்குல வேணாம்."
ரொம்ப நேரம் கழித்து,
"எழுதிக்க."

தெருவுக்கு ஒரு புள்ளி வைத்தேன். கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது.
'இதர'வில் நின்ற அம்புக்குறியை
இரண்டு வரி மேலே தள்ளினேன்.

சீட்டை எட்டப் பிடித்து வாசித்தார் அவர்.
ஒரு வார்த்தையில் கட்டைவிரல் கொஞ்சம் நின்றது.
நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
"சாப்பிட்டுப் போங்க" என்றேன்,
சொல்ல வேண்டியவர் சொல்லாததால்.
"இருக்கட்டும் தம்பி."

வாசலில் ஊர்ச் செருப்பெல்லாம் குவிந்து கிடந்தது.
தன் செருப்பை அவர்
ரோட்டுக்கு அந்தப் பக்கமே கழற்றிவிட்டு வந்திருந்தார்.