பதினோராவது நிமிடம்

காரைக்குடி வளாகத்தில் சர்வர் அறைக்கு மட்டும்தான்
ராப்பகலாய்க் குளிரூட்டி.
ஒப்பந்த ஊழியன் நான்,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
சித்திரையைக் கடப்பவன்.

யார் எந்தப் பாடத்தை எப்போது திறந்தார்கள்,
எந்த வேகத்தில் ஓட்டினார்கள், எங்கே மூடினார்கள்,
எல்லாம் என் திரைக்கு வந்துவிடும்.
விடுதிப் பையன்களுக்கு இரட்டை வேகம்.
பேராசிரியர் கீச்சுக்குரலில் வெப்ப இயக்கவியல் நடத்த
அவர்கள் கேரம் ஆடுவார்கள்.
வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு.

7316 மட்டும் வேறு மாதிரி.
இரவு ஒன்றே முக்கால், புதுவயல்.
எட்டாம் பாடம், பதினோராவது நிமிடம்.
பின்னுக்கு இழுத்து மறுபடி. மறுபடி.
ஒரே ராத்திரியில் பத்தொன்பது தடவை.

துறைக்கூட்டத்தில் வரைபடம் போட்டார்கள்.
அதிகம் பார்ப்பவர்கள் குறைவாக எடுக்கிறார்கள்;
கோடு சரிந்து இறங்கியது.
ஆகவே காணொளி கவனத்தைக் கெடுக்கிறது என்றார் ஒருவர்.
ஆகவே இன்னும் காணொளி வேண்டும் என்றார் இன்னொருவர்.
முந்திரி பக்கோடா வந்தது.
கோட்டின் அடிநுனியில் தனியே ஒரு புள்ளி:
7316, நாற்பத்தொன்று.

கடவுச்சொல் மறந்துபோச்சு என்று
ஒரு வியாழக்கிழமை அவளே வந்து நின்றாள்.
கொப்புடைநாயகி, இயற்பியல், இரண்டாம் ஆண்டு.
சும்மா கேட்டேன்: அந்தப் பதினோராவது நிமிஷத்துல
அப்படி என்னம்மா இருக்கு?

"ரைஸ்மில்லுக்கு ஒட்டுன சுவர் சார் எங்க வீடு.
சீசன்ல விடிய விடிய ஓடும்.
பகல்ல போன் அண்ணன்கிட்ட.
இயர்போன் போட்டாலும் மில்லுதான் கேக்கும்.
சார் வாயைப் பார்த்துப் பார்த்து எழுதிக்குவேன்.
அந்த எடத்துல மட்டும்
போர்டு பக்கம் திரும்பிடுறாரு."

அன்றிரவு உட்கார்ந்து கேட்டேன்.
என்ட்ரோபி எனக்கென்ன தெரியும்?
காதில் விழுந்ததை விழுந்தபடி தட்டினேன்,
நாலே வரி, படத்துக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில்.
மீளாச் செயல்முறையை
மீளாச் செய்முறை என்று போட்டுவிட்டேன்;
அவள்தான் திருத்தி அனுப்பினாள்.
பிறகு எல்லாப் பாடத்துக்கும் போட்டேன்.
யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

இந்தப் பருவம் அவளுக்கு ஐம்பத்தெட்டு.
அது தேர்வுப் பிரிவின் கோப்பு, என் திரைக்கு வராது;
படியிறங்கும்போது அவளே சொல்லிவிட்டுப் போனாள்.
என் திரைக்கு வந்தது இவ்வளவுதான்:
7316, ஒரு பாடத்துக்கு ஒரு தடவை.
ஈடுபாடு தொண்ணூறு சதவீதம் சரிவு.

நேற்று விடிகாலை நாலு மணிக்கு
இயந்திரம் தானாகவே அவளுக்கோர் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது,
அன்புள்ள மாணவருக்கு என்று தொடங்கி,
கீழே என் பெயர் போட்டு.