எச் எச்

எட்டு வெள்ளி கட்டினேன்,
நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள.
யீஷூன் முனையம், ஓட்டுநர் ஓய்வறை,
பதினெட்டு நிமிட இடைவேளை,
ஆறிப்போன கோப்பி ஓ.
கைபேசியில் என் தரம் வந்தது:
எச் எச்.
எச்சம் என்று எழுத வந்த யாரோ
திக்கிப்போய் நிறுத்திக்கொண்டதுபோல.

கீழே பன்னிரண்டு கட்டங்கள்,
மாதத்துக்கு ஒன்று.
ஏப்ரல்வரை ஏ.
மே மாதம் பி. ஜூன் சி.
அதன்பிறகு எல்லாம் டி.
எங்கள் மணவாழ்க்கையை
இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

வீவக வீட்டுத் தரைக்கு வாங்கிய புதுப்பிப்புக் கடன்,
அவன் பையில் இருந்த துணை அட்டை,
இரண்டையும் தயாளன் அடைப்பான் என்று
நீதிமன்றத் தாளில் இருக்கிறது,
மூன்றாம் பக்கம், ஏழாவது பத்தி.
வங்கிப் பெண் கனிவாகத்தான் சொன்னாள்:
"அது உங்க ரெண்டு பேருக்குள்ள, மேடம்.
கையெழுத்து உங்களோடது."
என் கையெழுத்தைப் பார்த்தேன்.
அதில் அவன் பெயர்தான் நீளமாக இருந்தது.

பேச்சில் பற்று என்றால் பாசம்.
கணக்கில் பற்று என்றால் போனது.
இரண்டையும் ஒரே வகுப்பில்
சொல்லித் தந்திருக்கலாம்.

ஆறு ஆண்டு அறிக்கைகளை அச்செடுத்து
மஞ்சள் மையில் கோடு போட்டேன்.
அவனுடையது, அவனுடையது, அவனுடையது
என்று போய்க்கொண்டிருந்த கை
ஒரு தையல் இயந்திரத்தில் நின்றது.
நான் கேட்டது. ஊசி கோத்ததே இல்லை.
அப்புறம், நவம்பர் பதினான்கு,
பூக்கடை, எண்பத்தாறு வெள்ளி.
இரண்டாவது முறை கரு தங்காமல்
மருத்துவமனையில் கிடந்தபோது கொண்டுவந்தான்.
ஜன்னலோரம் வை என்று சொல்லிவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
வீட்டுக்கு எடுத்து வரவில்லை.
அந்தப் பூக்களுக்கு
இன்னும் வட்டி போய்க்கொண்டிருக்கிறது.

மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு, ஐந்தாம் தேதி,
புளோக்குக்குக் கீழே உள்ள இயந்திரத்தில்.
தீபாவளியன்றும் வண்டி எடுத்தேன்,
அன்றைக்கு இரட்டைச் சம்பளம்.
கைபேசிச் சந்தா தர மறுத்தார்கள்,
முன்கட்டணத்தில் பேசுகிறேன்,
சுருக்கமாகப் பேசப் பழகிவிட்டது.
ஒருநாள் நள்ளிரவில்
தயாளனிடமிருந்து நாற்பது வெள்ளி.
செய்தி எதுவும் இல்லை.
திருப்பி அனுப்ப விரல் போனது.
அனுப்பவில்லை.
கடனில் கழித்தேன்.

இன்று மறுபடி எட்டு வெள்ளி.
தரம் அதேதான், எச் எச்.
ஆனால் கட்டங்களின் ஓரத்தில்
மூன்று ஏ நிற்கின்றன,
அதிகாலை முதல் நிறுத்தத்தில்
பேருந்து வருவதற்கு முன்பே
அட்டையைக் கையில் எடுத்து வைத்திருப்பவர்கள்போல.

இடைவேளை முடிய நான்கு நிமிடம்.
கோப்பியைக் குடித்தேன்.
கசப்பு சரியாகத்தான் இருந்தது.