எழும்பினால் பிழை

பலாலியில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
அந்தச் சொல்லை மட்டும் தமிழில் சொல்லாதே என்று
றெஜினோல்ட் காதுக்குள் சொன்னான்.
இரும்புப் பந்து என்றேன்.
உருட்டிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள்,
மூன்று கிலோ என்றதும் ஒருவன் தன் தோளில் வைத்து
எறிகிற மாதிரி நின்றான்.
பேந்து எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் பிந்தி.

கதிரை தனிப் பொதி.
கொட்டடியில் அவன்தான் ஒட்டித் தந்தது:
ஆஸ்பத்திரிக் கட்டில் குழாய், படகு எஞ்சின் பூட்டிய தகடு,
பிடிக்க ஒரு நேர்க் கம்பி.
மெத்தையோடு எழுபத்தைந்து சென்ரிமீற்றர்தான் இருக்கலாம்,
கூடினால் நிப்பாட்டிப்போடுவினம் என்றேன்.
எழுபத்துநாலில் அறுத்தான்.
"உன்ர பயத்துக்கு ஒண்டு."

பாசையூர்க் கரையில் பயிற்சி.
கதிரையின் நாலு காலுக்கும் நங்கூரக் கயிறு.
வலை காயும் கம்புகள்தான் எல்லைக் கொடி.
குண்டு சேற்றில் புதையும்.
பெடியள் தோண்டிக் கழுவித் தருவாங்கள்,
சிலநேரம் நண்டோடு.
செபமாலை மேசனிடம் இரவல் வாங்கிய நாடாவால் அளந்து
ஐஸ் கொம்பனிச் சுவரில் உயரத்தில் கரியால் எழுதினார்கள்:
7.93

எனக்கு விளங்க நாளெடுத்த விதி ஒன்றுதான்.
குண்டு கையை விடும்வரை
இருக்கையை விட்டு எழும்பக் கூடாது.
எழும்பினால் பிழை.
இருபத்தைந்து வருஷமாய் எழும்பு எழும்பு என்றவர்களை
அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்,
டொக்டர், நேர்ஸ்,
சுகமளிக்கும் கூட்டத்தில் என் தலையை அமுக்கியபடி
எழும்பி நட மகளே என்று
மைக்கில் கத்திய போதகர்.

வகைப்படுத்துகிற அறையில் இரண்டு பேர்.
தொடையால் அழுத்து. என் கையைத் தள்ளு. இடுப்பைத் திருப்பு.
எந்த வருஷம் என்று கேட்கவில்லை.
ஆர் அடிச்ச ஷெல் என்று கேட்கவில்லை.
எங்கட ஊரில் பெயருக்கு முதல் கேட்பது அதைத்தான்.
தாளில் அதற்குப் பெட்டியே இல்லை.
எஃப் ஐம்பத்தேழு என்று எழுதி அனுப்பினார்கள்.
ஆயத்தமாய் வைத்திருந்த பதிலோடு வெளியே வந்து
ஏனென்று தெரியாமல்
அரை மணித்தியாலம் கோபமாய் இருந்தேன்.

ஆசியாவின் பதினொரு பெண்கள். ஆளுக்கு ஆறு எறி.
முதலாவது சும்மா போனது.
இரண்டாவதில் சிவப்புக் கொடி.
நான் எழும்பவில்லை என்று வாதாடினேன்.
நடுவர் இரண்டு விரலைக் கொஞ்சமாய் விரித்துக் காட்டினார்.
எனக்கும் மெத்தைக்கும் இடையில்
வெளிச்சம் தெரிந்ததாம்.
அதைக் கேட்டு எனக்கு ஏன் சந்தோஷம் வந்தது?

ஐந்தாவது எறி ஏழு தொண்ணூற்றொன்று.
ஆறாம் இடம்.
ஊரில் எறிந்ததை விட இரண்டு சென்ரிமீற்றர் குறைவு என்று
அன்றிரவு தலையணைக்குள் அழுதேன்.
பக்கத்துக் கட்டில் மங்கோலியக்காரி
காய்ந்த பாற்கட்டி ஒன்றை நீட்டினாள்.
கல்லு. அதையும் எறியலாம்.

வரவேற்பு மேடைக்கு ஏழு படி.
மாலையோடு சேர்த்து நாலு பேர் தூக்கினார்கள்.
"கொறற்றி இப்ப எழும்பி ரெண்டு வார்த்தை"
என்ற அறிவிப்பாளர் நாக்கைக் கடித்தார்.
எழும்பினால் பிழை என்றேன் மைக்கில்.
சபை முழிக்க, பெடியள் மட்டும் விசிலடித்தாங்கள்.

கிழமை கழித்து நாடாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
செபமாலை நுனியைத் தடவிப் பார்த்தார்.
"முதல் மூண்டு சென்ரிமீற்றர் எப்பவோ அறுந்து போச்சு பிள்ளை,
நான் கழிச்சுத்தான் பாக்கிறனான்.
உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

தொண்ணூற்று மூன்றில் மூன்றைக் கழித்தேன்.
நம்பாமல் விரலை மடித்து இன்னொருக்கால் கழித்தேன்.

ஐஸ் கொம்பனிச் சுவரில் அந்தப் பழைய எண் உயரத்தில் இருந்தது.
அழிக்க எட்டவில்லை. பெடியளைக் கூப்பிடவுமில்லை.
கதிரையில் இருந்தபடி
கை போகிற இடத்தில் எழுதினேன்:
7.91